டொலர் ஏறிய ஆண்டிலும் கைகொடுத்த லேர்ன்

இலங்கையில் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற எவருக்கும் லேர்ன் (LEARN) தெரிந்த பெயர்தான். 1990 வாக்கில் மின்னஞ்சல் சேவையாகத் தொடங்கி, இன்று அரச பல்கலைக்கழகங்களை இணைக்கும் கல்வி வலையமைப்பு. 2020இல் கொரோனா முடக்கம் வந்தவுடன் சூம் வகுப்புகளைத் தன் சேர்வர்களிலேயே நடத்தியது. டேட்டா காசு இல்லாமல் பிள்ளைகள் சேரத் தொலைபேசி நிறுவனங்களும் கைகொடுத்தன.

ஆனால் அதன் பெறுமதியை நான் உணர்ந்தது 2022 பொருளாதார நெருக்கடியில். மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம். ஜூன் கடைசியில் பெற்றோல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும். பிள்ளைகள் வளாகத்துக்கு வரவே வழியில்லை, வகுப்பு மறுபடி சூமுக்குப் போனது. மின்வெட்டை ஏ, பி, சி என்று வலயம் பிரித்து அறிவிப்பார்கள். என் இரசாயன வகுப்பில் ஒருவர் வவுனியா, ஒருவர் மட்டக்களப்பு, இன்னொருவர் மாத்தளை. முதலில் வலயப் பட்டியலைப் பார்த்து, அப்புறம்தான் நேரசூசி போட்டோம். "சேர், போனில சார்ஜ் முடியுது, வரவைப் போட்டுவிடுங்கோ" என்று பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருப்பார்கள்.

வீடியோவை நிறுத்திவிட்டு ஸ்லைடும் குரலும் மட்டும் அனுப்பினால் மெதுவான இணைப்பிலும் பாடம் அறுபடவில்லை. கரண்ட் நெடுநேரம் போய் ஊர் டவரின் பற்றரியும் இறங்கிவிட்டால் எந்தச் சேவையும் உதவாது, அது லேர்னின் குறையல்ல. செய்முறைக்குத்தான் இது போதாது. நியமிப்பில் (titration) அளவியின் (burette) அடைப்பைத் தானே திருகி, ஒரு துளியில் நிறம் மாறுவதைக் கண்ணால் பார்த்தால்தான் கை பழகும்.

எந்த வளாகத்திலும் சொந்தக் கணக்கால் வைஃபை பிடிக்கும் எடுரோம் (eduroam) சேவையும் இலங்கையில் லேர்ன் நடத்துவதுதான். பேராதனைக்குப் போனாலும் என் வளாகத்துக் கடவுச்சொல்லே வேலை செய்கிறது.

சில மாதங்களில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய நாட்டில், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாக இப்படியொரு சேவையை வாங்கப் போயிருந்தால் சிறிய வளாகங்கள்தான் முதலில் கைவிடப்பட்டிருக்கும். காசு இருந்த காலத்தில் எல்லோரும் சேர்ந்து கட்டிவைத்ததால் தப்பினோம். வரவுசெலவைக் குறைக்க உட்காரும் திட்டமிடல் குழுக்கள் லேர்னுக்கான ஒதுக்கீட்டில் கைவைக்கவே கூடாது.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். பல்கலைக்கழகங்களிடம் ஒன்று கேட்கிறேன்: பீடத்துக்கு ஒரு அறையாவது சோலாரில் இயங்கட்டும். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் சைக்கிளில் வந்து போனைச் சார்ஜ் போட்டுக்கொண்டு வகுப்பில் சேரலாம்.