காப்புரிமை அலுவலகத்தின் முன்னெதிர்ப்பு வசதி: நம்பிப் பயன்படுத்தலாமா?

மருந்து விலையால் தவிக்கும் நோயாளிக் குழுக்களுக்கு ஆவணங்களைத் தேடித் தொகுத்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், இந்தியக் காப்புரிமை அலுவலகம் வழங்கும் ஒரு சேவையைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். ஒரு நிறுவனம் கேட்டிருக்கும் காப்புரிமை (பேட்டன்ட் எனப்படும், கண்டுபிடிப்பின் மீதான தனியுரிமை) அதன் கைக்குப் போவதற்கு முன்பே, இன்ன காரணத்தால் இதைக் கொடுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுக்க வழிசெய்யும் முன்னெதிர்ப்புதான் அந்தச் சேவை. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 25(1) இதற்கு அடிப்படை. இன்றுள்ள வடிவம் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. வழக்கு மன்றத்தின் படி ஏறாமலே, தகுதியற்ற காப்புரிமையைத் தடுப்பதற்கு நம் நாட்டில் இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பது என் உறுதியான கருத்து. அந்த வழி அண்மை ஆண்டுகளில் குறுகிக்கொண்டே வருகிறது என்பதையும் அதே உறுதியோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

இச்சேவையின் தலையாய சிறப்பு, அதை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பதுதான். காப்புரிமை வழங்கப்பட்ட பின் தாக்கல் செய்யும் எதிர்ப்புக்கு, அந்தத் துறையில் தொழில் அல்லது ஆய்வுத் தொடர்பு உடையவர் என்று காட்ட வேண்டும். முன்னெதிர்ப்புக்கு அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. நோயாளி, ஆசிரியர், விவசாயி, மாணவர் என எவரும் படிவம் 7ஏ-யை நிரப்பி, சான்றுகளை இணைத்து அனுப்பலாம். எதிர்ப்பதற்கான காரணங்கள் சட்டத்தில் பதினொன்றாக வரையறுக்கப்பட்டுள்ளன. கண்டுபிடிப்பு முன்பே வெளியாகிவிட்டது, துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியது, சட்டப்படி கண்டுபிடிப்பாகவே கருத முடியாதது, விவரிப்பு போதாது, வெளிநாட்டு விண்ணப்பங்களைப் பற்றிய தகவல் மறைக்கப்பட்டது, மரபறிவில் ஏற்கெனவே உள்ளது என்பவை அவற்றுள் அடிக்கடி பயன்படுபவை. இந்தப் பட்டியலுக்கு வெளியே எவ்வளவு நியாயமான வாதத்தை வைத்தாலும் அதிகாரி அதை ஏற்க முடியாது. மருந்தின் விலை அதிகம் என்பது பதினொன்றில் ஒன்று அல்ல. முதன்முறை வருபவர்கள் பலர் விலையைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதிக் கொண்டுவருவதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கோப்புகளைப் பார்ப்பதற்கு ‘இன்பாஸ்’ என்ற இணையத் தேடல் வசதி இலவசமாக இருக்கிறது. விண்ணப்ப எண்ணைக் கொடுத்தால் முழு விவரிப்பு, எதற்கெல்லாம் தனியுரிமை வேண்டும் என்று விண்ணப்பதாரர் வரையறுக்கும் உரிமைக்கோரல்கள், விண்ணப்பம் காப்புரிமைக்குத் தகுதியானதா என்று ஆராய்ந்து அலுவலகம் அனுப்பிய முதல் பரிசோதனை அறிக்கை, அதற்கு விண்ணப்பதாரர் எழுதிய பதில் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்க்கலாம். ஒரு பொதுமகன் வீட்டில் உட்கார்ந்தபடி, ஒரு பன்னாட்டு நிறுவனம் அரசு அதிகாரியிடம் என்ன சொன்னது என்று சொல்லுக்குச் சொல் படிக்க முடிவது சிறிய விஷயம் அல்ல. பழைய கோப்புகள் பல ஸ்கேன் செய்த படங்களாகவே இருப்பதால் அவற்றுக்குள் சொல் தேட முடியாது; பொறுமையாகக் கண்ணால்தான் படிக்க வேண்டும்.

இந்த வசதி எதைச் சாதிக்க வல்லது என்பதற்குச் சென்னையிலேயே முடிவான ஒரு வழக்கைவிடச் சிறந்த சான்று கிடையாது. நோவார்ட்டிஸ் நிறுவனம் இமாட்டினிப் மெசிலேட் என்ற இரத்தப் புற்றுநோய் மருந்தின் பீட்டா படிக வடிவத்துக்கு 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. மருந்துப் பொருள்களுக்கு இந்தியா அப்போது காப்புரிமை அளிக்கவில்லையாதலால், 2005 பிறக்கும் வரை அந்த விண்ணப்பம் காத்திருந்தது. பிறகு அதற்கு எதிராக ஐந்து முன்னெதிர்ப்புகள் வந்தன. நான்கு, மருந்து நிறுவனங்களுடையவை. ஐந்தாவது, மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளர் உதவிச் சங்கத்தினுடையது. நிறுவனத்தின் மருந்து மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய்க்கு விற்றபோது, இந்திய நிறுவனங்களின் மருந்து 8,000 முதல் 10,000 ரூபாய்க்குள் கிடைத்துக்கொண்டிருந்தது என்பதால் அந்தச் சங்கம் இதில் இறங்க வேண்டிய அவசியம் இருந்தது.

ஆனால் அந்த எதிர்ப்பு வென்றது விலையால் அல்ல. பிரிவு 3(டி), ஏற்கெனவே அறியப்பட்ட பொருளின் புதிய வடிவத்துக்கு, அதன் பயன்திறன் கூடியிருப்பதாகக் காட்டினால் அல்லாமல் காப்புரிமை கிடையாது என்கிறது. நிறுவனம் வைத்த முக்கியச் சான்று, புதிய வடிவம் உடலில் முப்பது விழுக்காடு கூடுதலாக உட்கிரகிக்கப்படுகிறது என்பது. அந்த ஒப்பீடு எதனோடு செய்யப்பட்டது என்று பார்த்தால் இமாட்டினிப் என்ற அடிப்படைப் பொருளோடு. 1990-களிலேயே அமெரிக்கக் காப்புரிமை ஒன்றின்மூலம் அறியப்பட்டிருந்த இமாட்டினிப் மெசிலேட்டோடு அல்ல. உட்கிரகிப்பு கூடுவது வேறு, நோயைத் தீர்க்கும் திறன் கூடுவது வேறு என்ற கேள்வியும் அதனோடு சேர்ந்துகொண்டது. 2006 ஜனவரி 25 அன்று சென்னை அலுவலகத்தில் விண்ணப்பங்களின் மீது முடிவெடுக்கும் அதிகாரியான உதவிக் கட்டுப்பாட்டாளர் விண்ணப்பத்தை நிராகரித்தார். நிறுவனம் பிரிவு 3(டி) செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2007 ஆகஸ்டில் அந்த வாதம் தள்ளுபடியானது. மேல்முறையீட்டு வாரியத்திலும் காப்புரிமை கிடைக்கவில்லை. இறுதியாக 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம், மருந்தைப் பொறுத்தவரை பயன்திறன் என்பது நோய் தீர்க்கும் திறனையே குறிக்கும் என்று தீர்த்துவைத்தது. நாடறிந்த அந்தத் தீர்ப்பின் வேர், சென்னையில் ஒரு நிர்வாக அதிகாரியின் மேசையில் வைக்கப்பட்ட எதிர்ப்பு மனுக்களில் இருக்கிறது.

அண்மைய எடுத்துக்காட்டு பெடாகுவிலின். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான இம்மருந்தின் அடிப்படைக் காப்புரிமை 2023 ஜூலையில் முடிவதாக இருந்தது. அதன் ஃபியூமரேட் உப்புக்குத் தனிக் காப்புரிமை கிடைத்திருந்தால் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் தனியுரிமை 2027 வரை நீண்டிருக்கும். காசநோயிலிருந்து மீண்டவர்களும், பழைய மருந்துகளின் பக்கவிளைவால் கேட்கும் திறனை இழந்தவர்களுமான இரு பெண்கள், மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா திசிலேயும், 2019-இல் முன்னெதிர்ப்புத் தாக்கல் செய்தார்கள். 2023 மார்ச்சில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தென்னாப்பிரிக்கப் பெண்மணி ஒருவர் இந்திய அலுவலகத்தில் எதிர்ப்புத் தெரிவிக்க முடிந்தது என்பதே ‘எவரும்’ என்று சட்டம் சொல்வதன் முழு அளவைக் காட்டுகிறது. அதே வழக்கில் முடிவு வர நான்கு ஆண்டுகள் ஆனதையும் கவனிக்க வேண்டும்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். முதலாவது காலம். எதிர்ப்பைத் தாக்கல் செய்துவிட்டால் உடனே விசாரணை தொடங்கிவிடாது. விண்ணப்பதாரர் பரிசோதனைக்கு விண்ணப்பித்த பிறகுதான் அதிகாரி எதிர்ப்பை எடுத்துப் பார்ப்பார். விண்ணப்பதாரர் பதில் தரக் கெடு உண்டு. ஆனால் எதிர்ப்பின் மீது உத்தரவு வரும் நாளை நம்பித் திட்டமிடும்படி நடைமுறை இல்லை. இதைத் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளும் போட்டி நிறுவனங்கள், வெவ்வேறு பெயர்களில் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்புகளைப் போட்டு ஒரு காப்புரிமையை ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைத்ததும் நடந்திருக்கிறது. அது இந்த வசதிக்குச் செய்த கெடுதல் பெரிது. ஏனென்றால் அதைக் காரணம் காட்டியே இப்போது கட்டுப்பாடுகள் வந்திருக்கின்றன.

2024 மார்ச் திருத்த விதிகளின்படி, எதிர்ப்பு மனு விசாரணைக்கு ஏற்றதுதானா என்று அதிகாரி முதலில் தீர்மானிப்பார். ஏற்றதல்ல என்று கருதினால் எதிர்ப்பாளருக்கு அறிவிப்பார். அவர் கேட்டால் வாதிட ஒரு வாய்ப்பு உண்டு. போலி எதிர்ப்புகளை வாசலிலேயே நிறுத்துவதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அதே விதிகள், அதுவரை இலவசமாக இருந்த முன்னெதிர்ப்புக்குக் கட்டணமும் விதித்தன. தனிநபருக்குக் குறைவாகவும் நிறுவனங்களுக்குக் கூடுதலாகவும் அது வைக்கப்பட்டிருந்தாலும், தாமதப்படுத்த நினைக்கும் பெருநிறுவனத்தை அந்தத் தொகை தடுக்கப்போவதில்லை. நன்கொடையில் இயங்கும் நோயாளர் சங்கத்தைத்தான் யோசிக்க வைக்கும். நோயாளர் அமைப்புகளுக்கு மட்டுமாவது இதை நீக்க வேண்டும்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. நம் எதிர்ப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அலுவலகம் தனியாகப் பரிசோதனையையும் நடத்துகிறது. விண்ணப்பதாரர் உரிமைக்கோரல்களைத் திருத்தலாம், அதிகாரியிடம் விளக்கம் சொல்லலாம். அந்தப் பரிசோதனையில் எதிர்ப்பாளர் பங்கேற்க உரிமை இல்லை என்று தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2024 ஜனவரியில், நோவார்ட்டிஸ் – நாட்கோ வழக்கில் தீர்ப்பளித்தது. சட்டத்தின் எழுத்துப்படி அது பொருந்தும் வாசிப்பாக இருக்கலாம். நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், நாம் எதிர்த்த கோரல் ஒன்றாகவும் இறுதியில் அனுமதிக்கப்படும் கோரல் வேறாகவும் இருக்கக்கூடும். ஆகவே இன்பாஸில் கோப்பைத் தொடர்ந்து பார்த்து, திருத்தம் வந்தவுடன் கூடுதல் மனு கொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. மேலும், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் நிறுவனம் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்; எதிர்ப்பு நிராகரிக்கப்பட்டால் எதிர்ப்பாளருக்குச் சட்டத்தில் அத்தகைய மேல்முறையீடு இல்லை. இந்த ஏற்றத்தாழ்வு நியாயமற்றது என்றே கருதுகிறேன்.

காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டால் பின்னெதிர்ப்பு இருக்கிறது. அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வழங்கல் வெளியிடப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் படிவம் 7-இல் தாக்கல் செய்ய வேண்டும்; மூவர் கொண்ட எதிர்ப்பு வாரியம் ஆவணங்களை ஆராய்ந்து பரிந்துரை தரும்; பிறகு கட்டுப்பாட்டாளர் விசாரித்து முடிவெடுப்பார். வாரியத்தின் பரிந்துரையை இரு தரப்புக்கும் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சிப்ளா வழக்கில் கூறியது பெரிய உதவி. முன்னெதிர்ப்பில் இல்லாத ஒழுங்கு இதில் உண்டு, தோற்றால் மேல்முறையீடும் உண்டு. ஆனால் முடிவு வரும்வரை காப்புரிமை நடைமுறையில் இருக்கும். அதுவரை விலையும் குறையாது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் ஒன்பது மாதங்களுக்குள் எதிர்க்கலாம். அமெரிக்காவில் 2012 முதல் நடக்கும் மறுஆய்வில், விசாரணைக்கு ஏற்கப்பட்ட நாளிலிருந்து பொதுவாக ஓராண்டுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டமே கெடு வைத்திருக்கிறது. நம் பின்னெதிர்ப்புக்கும் அத்தகைய கெடுவைச் சட்டத்தில் எழுதினால், அதன் மதிப்பு பல மடங்கு கூடும்.

இந்தக் குறைகளோடும் முன்னெதிர்ப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அதன் வெற்றி பெரும்பாலும் மனு எழுதப்படும் முறையில்தான் இருக்கிறது. முதல் உரிமைக்கோரலை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு கூறையும் தனி வரியாகப் பிரித்து, எதிரே அதே கூறு இடம்பெற்றுள்ள பழைய ஆவணத்தின் பக்கத்தையும் பத்தியையும் எழுதி ஒரு அட்டவணை போடுங்கள். அந்த ஆவணம் விண்ணப்பத்தின் முன்னுரிமைத் தேதிக்கு (அந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த நாளுக்கு) முன்பே வெளியானது என்பதற்குச் சான்று வையுங்கள். தேதி தெளிவில்லாத ஆவணம் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் பயன்படாது. வேதியியலோ மருந்தியலோ சம்பந்தப்பட்ட இடத்தில், துறை அறிந்த ஒருவரின் பிரமாணப் பத்திரம் உங்கள் வாதத்தைவிட வலுவாகப் பேசும். சித்த மருத்துவம், மூலிகை சார்ந்த விண்ணப்பமானால் அச்சில் வந்த பழைய நூல்களின் பக்கங்களை மொழிபெயர்ப்போடு இணைக்கலாம். மஞ்சளால் காயம் ஆற்றுவதற்கு அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை 1997-இல் ரத்தானது, இந்திய அறிவியல் தொழிலக ஆய்வுக் கழகம் அப்படிப்பட்ட பழைய ஆவணங்களை முன்வைத்து மறுபரிசோதனை கோரியதால்தான்.

விண்ணப்பம் காப்புரிமை இதழில் வெளியான நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் காப்புரிமை வழங்கப்படாது என்பதால், அந்தக் காலத்துக்குள் மனுவைக் கொடுத்துவிடுவதே பாதுகாப்பு. வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகும் அந்த இதழைத் தவறாமல் பார்க்கும் பொறுப்பைக் குழுவில் ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். மனுவின் முடிவில், நேரில் விசாரிக்க வேண்டும் என்ற கோரிக்கையைத் தனிப் பத்தியாக எழுத மறக்க வேண்டாம்; கேட்டவருக்கு மட்டுமே விசாரணை வாய்ப்புத் தர வேண்டிய கடமை கட்டுப்பாட்டாளருக்கு உண்டு.