முதல் வெல்டிங் மெஷின்: எட்டு மாதம் கையில் வைத்துப் பார்த்த பிறகு

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து நடுப்புணி போகிற வழியில் எங்களுக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பும், அதற்குள் ஒரு மாட்டுக்கொட்டகையும் ஆட்டுப்பட்டியும் இருக்கின்றன. பட்டிக் கதவின் கீல் விட்டுப்போனால் ஊர் வெல்டர் அண்ணனுக்குப் போன் செய்து, அவருடைய பெரிய வேலைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் கிடைக்கும்வரை கதவைக் கயிற்றால் கட்டி வைப்பதுதான் பல வருட வழக்கம். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு கீலுக்காக எழுபது கிலோ டிரான்ஸ்பார்மர் வெல்டிங் மெஷினை வண்டியில் ஏற்றி வருவது யாருக்கும் கட்டுபடியாகாது. சென்ற ஆண்டு ஒரு கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்துக் காட்டில் சோளம் மேய்ந்து, அதற்கு நான் தண்டம் கட்டிய பிறகுதான் சொந்தமாக ஒரு மெஷின் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

வாங்கியது 200 ஆம்பியர் என்று பெட்டியில் எழுதிய, ஐ.ஜி.பி.டி. வகை இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின், அதாவது கனமான டிரான்ஸ்பார்மருக்குப் பதில் எலக்ட்ரானிக் போர்டில் ஓடுகிற சிறிய மெஷின். கம்பெனிப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. உள்ளே ஏறக்குறைய ஒரே போர்டு இருக்க, வெளியே சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பெட்டி மட்டும் மாறி வருவது இந்தச் சந்தையில் சாதாரணம் என்பதால், பெயரைவிட எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே படிப்பவர்களுக்கு உதவும்.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பழைய டிரான்ஸ்பார்மர் மெஷின் அடித்தாலும் சாகாது. செப்புச் சுற்று உள்ளதாகப் பார்த்து வாங்கினால் பேரன் காலம்வரை ஓடும். ஆனால் பட்டறைகளில் இருக்கும் பெரிய மெஷின்களுக்கு இரண்டு பேஸ் வேண்டும். எங்கள் தோப்பில் பேஸ் மூன்றும் வருவது மோட்டார் லைனில் மட்டும். விவசாயத்துக்கென்று கொடுத்த கனெக்ஷனை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவில் மாட்டிவிடும் என்பதால் அந்த எண்ணத்தை அங்கேயே விட்டேன். இரண்டாவது, சுருளிலிருந்து கம்பியைத் தானே தள்ளிக் கொடுக்கும் மிக் மெஷின். அதைக் கற்றுக்கொள்வது எளிது என்று எல்லோரும் சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் உருகும் இரும்பைக் காக்க அது ஊதுகிற வாயுவைப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நொடியில் அள்ளிக்கொண்டு போய்விடும். ஆடி மாதத்தில் எங்கள் தோப்பில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாயு வேண்டாத கம்பிச் சுருளும் கிடைக்கிறது என்றாலும் அதன் விலையும் புகையும் எனக்குப் பிடிக்கவில்லை. ராடு என்பது மேல்பூச்சுள்ள வெல்டிங் கம்பி; அந்தப் பூச்சு எரிந்து தானே காப்பு தருவதால், வெட்டவெளி வேலைக்கு ராடு மெஷின்தான், அதிலும் வீட்டு லைனில் ஓடும் மூன்றாவது வழியான இன்வெர்ட்டர்தான் என்று முடிந்தது.

கோவை நஞ்சப்பா ரோட்டில் மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் முதலில் காட்டியது ஆம்பியரைத்தான்: 200, 250, ஒரு கடையில் 300. வீட்டு லைனில் வேலை செய்பவருக்கு அந்த எண் பெரும்பாலும் அலங்காரம். கணக்கு இதுதான். 12 நம்பர் ராடு எனப்படும் 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர் போதும்; 10 நம்பர், அதாவது 3.15 மி.மீ. ராடுக்கு 90 முதல் 130. மெஷின் 80 ஆம்பியர் வெளியே தரும்போது சுவரிலிருந்து சுமார் 14 ஆம்பியர் இழுக்கும். 100 தரும்போது 18 வரை போகும். அதாவது 16 ஆம்பியர் பிளக்கில் 12 நம்பர் ராடு நிம்மதியாக எரியும், 10 நம்பர் ராடு எல்லையைத் தாண்டும், அதற்கு மேல் உள்ளதெல்லாம் வயரிங்கை மாற்றியவர்களுக்கு.

ஆகவே ஆம்பியரைவிட நான் பார்த்தது எந்த வோல்டேஜ்வரை மெஷின் தாங்கும் என்பதை. எங்கள் வீடு லைனின் கடைசி. சாயங்காலம் சுற்றுவட்டாரத்து மோட்டார்கள் ஓடும்போது மீட்டர் 190 காட்டும். 230 வோல்ட்டில் 15 சதவீதம் கூடலாம், குறையலாம் என்று அச்சிட்ட மெஷின் 195க்குக் கீழே போனால் சிணுங்கத் தொடங்கும். 160 வரை ஓடும் என்று போட்ட மாடலுக்கு 900 ரூபாய் கூடுதல் கேட்டார்கள், கொடுத்தேன். எட்டு மாதத்தில் செலவழித்ததிலேயே நியாயமான 900 ரூபாய் அது.

மெஷினின் விவரத் தகட்டில் பார்க்க வேண்டிய இன்னொன்று டியூட்டி சைக்கிள். 200 ஆம்பியருக்கு 60 சதவீதம் என்றால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் எரிக்கலாம், நாலு நிமிடம் ஆறவிட வேண்டும் என்று பொருள். அதே தகட்டில் 100 சதவீதத்துக்கு 155 என்றும் இருக்க வேண்டும். 200ஐ மட்டும் பெரிதாகப் போட்டு, இந்த இரண்டையும் போடாத மெஷினை நான் தொடவில்லை. மூன்றாவது கடைக்காரர், கேட்டதும், கடையின் பின்புறத்தில் ஒரு பழைய இரும்புத் தகட்டில் முழு ராடு எரித்துப் பார்க்க விட்டார். "எரிச்சுப் பாருங்க சார், அப்புறம் காசைப் பத்திப் பேசலாம்" என்றார். அங்கேதான் வாங்கினேன். வரியோடு 7,800 ரூபாய்.

பெட்டியோடு வந்த, ராடைப் பிடிக்கும் ஹோல்டரும் இரும்பில் கவ்வும் எர்த் கிளாம்ப்பும் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை. கேபிள் இரண்டும் ஆளுக்கு இரண்டு மீட்டர்கூட இல்லை. நுனியைச் சுரண்டினால் மேலே செம்பு நிறம், உள்ளே அலுமினிய வெள்ளை. முதல் வாரத்திலேயே கிளாம்ப் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடானது. அதைவிட வெட்கக்கேடு என் எக்ஸ்டென்ஷன் வயர். 1.5 சதுர மி.மீ. வயரை 30 மீட்டர் இழுத்துக் கொட்டகைவரை கொண்டுபோனேன். 18 ஆம்பியர் இழுக்கும்போது அந்த வயர் மட்டுமே 14 வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடும் என்பதை எலக்ட்ரீஷியன் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சுருளைப் பிரிக்காமல் வேறு வைத்திருந்தேன். தொட்டால் கோழிக் குஞ்சுக்கு வைத்த விளக்கு மாதிரி கதகதப்பு. இப்போது மெயின் போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. வயரில் தனி லைனும், அதற்குத் தனியாக, லோடு கூடினால் தானே அணையும் 32 ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்சும் கொட்டகைச் சுவரில் இருக்கின்றன. மெஷின் வாங்குகிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கற்றுக்கொண்ட கதைக்கு வருகிறேன். முதல் நாள் ராடு ஒட்டியது. இரண்டாம் நாளும் ஒட்டியது. தீக்குச்சியை உரசுவதுபோல இழு என்று எல்லோரும் சொல்வார்கள். உரசிய பின் எவ்வளவு தூக்க வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். ராடின் உள்கம்பி எவ்வளவு தடிமனோ அவ்வளவுதான் இடைவெளி. அந்த இடைவெளி சரியாக இருக்கும்போது எண்ணெயில் கடுகு இடைவிடாமல் பொரிகிற ஓசை வரும்; தூரம் கூடினால் ஓசை கரகரத்து, பொறி நாலாபுறமும் சிதறும். கண்ணைவிடக் காதை நம்பத் தொடங்கிய பிறகுதான் எனக்குக் கை படிந்தது. ராடு எரிய எரியக் குட்டையாவதால், கை முன்னே நகர்வதோடு கீழேயும் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். 350 மி.மீ. ராடு ஒன்று எரிந்து முடிவதற்குள் இந்த இரண்டு அசைவையும் ஒன்றாகச் செய்யப் பழகுவதுதான் முதல் இரண்டு கிலோ ராடின் வேலை. அந்த இரண்டு கிலோவையும் பழைய ஆங்கிளில், தட்டையாக வைத்து, எதையும் எதோடும் ஒட்டாமல் வெறும் வெல்டிங் வரிகளாகப் போட்டேன்.

அடுத்த குழப்பம், ராடின் பூச்சு உருகி வரும் கசடு. ஹெல்மெட்டுக்குள் பார்க்கும்போது உருகிய இரும்பும் அதன்மேல் மிதக்கும் கசடும் ஒரே வெளிச்சமாகத் தெரியும். கூர்ந்து பார்த்தால், இரும்பு அடங்கிப் பளபளக்கும். கசடு அதன் பின்னால் கொதித்துக் குமிழியிடும். ராடை நிமிர்த்திவிட்டால் கசடு முன்னே ஓடி இரும்புக்கு அடியில் புகுந்துவிடும். ஆறிய பின் சுத்தியால் தட்டினால், மேலே அழகாக இருந்த வரியின் நடுவில் அரிசி நுழைகிற அளவு பள்ளம் இருக்கும். ராடைப் போகிற திசையில் பதினைந்து பாகை சாய்த்துப் பின்னிழுத்தால் கசடு பின்தங்கும். ராடு 6013 வகைதான்: 60 என்பது வலிமை, சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு, அடுத்த 1 எல்லா நிலையிலும் போடலாம் என்பதற்கு, கடைசி எண் பூச்சின் வகையைக் காட்டும். பாக்கெட்டில் ராடுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 814 இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஸ்கொயர் பைப்பில்தான் மானம் போனது. 18 கேஜ் பைப்பின் சுவர் 1.2 மி.மீ. மட்டுமே, தகட்டில் பழகிய கையோடு 90 ஆம்பியரில் போனால் ஓட்டை, ஓட்டையை அடைக்கப் போனால் இன்னும் பெரிய ஓட்டை. 55க்குக் குறைத்து, ஹோல்டரை நெகட்டிவ் பக்கம் மாற்றி மாட்டி, வரியாக இழுக்காமல் புள்ளி புள்ளியாக வைத்து, ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு அடங்கிய பின் அடுத்ததை வைத்தால் நிற்கிறது. முடிந்தவர்கள் 16 கேஜ் வாங்குங்கள். கிலோவுக்குக் கொடுக்கும் காசு மனநிம்மதியில் திரும்ப வந்துவிடும்.

இரண்டு விபத்துகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று என் மச்சினனுக்கு. பைப்பைப் பிடித்துக்கொள்ள வந்தவன், முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று கண்ணாடி இல்லாமல் நின்றான். சுண்ணாம்பு அடித்த சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சமே போதுமானதாக இருந்தது. அப்போது ஒன்றும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு, "மாமா, கண்ணுக்குள்ள மண்ணை அள்ளிப் போட்டாப்ல இருக்குதுங்க" என்று எழுந்து உட்கார்ந்தான். ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான் இது வேலையைக் காட்டும். உருளைக்கிழங்கும் தாய்ப்பாலும் பரிந்துரைத்தவர்களைக் கடந்து, காலையில் சித்தூரில் கண் டாக்டரிடம் காட்டினோம். இரண்டு நாளில் சரியானது. எனக்கிருந்தது, வெளிச்சம் வந்ததும் கண்ணாடி தானே இருளும் 1,450 ரூபாய் ஆட்டோ டார்க் ஹெல்மெட், 10ஆம் நம்பர் இருட்டில் வைத்திருந்தேன். அதே நாளில் அவனுக்கும் ஒன்று வாங்கியிருக்க வேண்டும்.

மற்றது எனக்கு. ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சைச் சுரண்டாமல், கொட்டகைக்குள் காற்றோட்டமில்லாமல் உட்கார்ந்து ஒரு பகல் முழுக்கப் போட்டேன். சாயங்காலம் வாயில் இனிப்பு கலந்த உலோகச் சுவை, பிறகு குளிர்க்காய்ச்சல். துத்தநாகப் புகைதான் காரணம். பால் குடித்தால் சரியாகும் என்பது பட்டறைகளில் சொல்லப்படுவது, பால் மருந்தல்ல. இப்போது ஒட்டும் இடத்தில் இரண்டு விரல்கடை பூச்சைக் கிரைண்டரில் எடுத்துவிட்டு, காற்றுக்கு முதுகு காட்டி உட்காருகிறேன்.

எடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழையில் ராடு நமுத்தது. மூடி போட்ட பி.வி.சி. பைப்பில் அடைத்து வைப்பதும், எடுக்குமுன் 100 டிகிரிச் சூட்டில் ஒரு மணி நேரம் காயவைப்பதும் போதும்.

ஐந்தாம் மாதம் மெஷின் நின்றது. காரணம் என்னுடையதுதான். கிரைண்டரில் அறுக்கும்போது மெஷினைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அதன் மின்விசிறி இரும்புத் தூளை முழுக்க உள்ளே இழுத்து போர்டில் படியவைத்துவிட்டது. வாரண்டி அட்டையில் இருந்த சர்வீஸ் சென்டருக்கு நான்கு முறை போன் செய்தேன். கூரியரில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம், இது வாரண்டியில் வராது என்று மூன்று பதில்கள் மூன்று குரல்களில் கிடைத்தன. கடைசியில் பொள்ளாச்சியில் போர்டு வேலை செய்யும் ஒரு தம்பி, பழுதான உதிரிகளை மாற்றி 1,200 ரூபாய்க்கு ஓடவைத்தார். அவர் எந்த மாடலின் போர்டுக்கு உதிரி வைத்திருக்கிறார் என்று முதலிலேயே கேட்டுவிட்டுக் கோவைக்கு பஸ் ஏறியிருந்தால், நான் பார்த்திருக்க வேண்டிய கடை வேறாக இருந்திருக்கும்.

இப்போது கதவு, கீல், தொட்டி ஸ்டேண்டு, தட்டுக்கூடை வைக்கும் சட்டம் எல்லாம் நானே போடுகிறேன். கிணற்றுக்குள் இறங்கும் இரும்பு ஏணிக்கு மட்டும் வெல்டர் அண்ணனையே அழைத்தேன். ஆள் ஏறும் எதிலும் என் வரியை நான் இன்னும் நம்பவில்லை. வந்தவர் பட்டிக் கதவின் மூலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "ஆட்டுக்குத் தாங்கும்ங்க" என்றார். பிறகு டிரான்ஸ்பார்மரை வண்டியிலிருந்து இறக்காமல் என் மெஷினையே கேட்டு வாங்கி, அதோடு வந்த கேபிள்களைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, தன்னுடைய பத்து மீட்டர் செப்புக் கேபிளை மாட்டிக்கொண்டார்.