பகலில் உறங்கும் விமானிக்கு ஒரு பிளாக்அவுட் திரைச்சீலை: வாங்கிய பின் ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரின் ஜாலான் புசார் வட்டாரத்துக் கடை ஒன்றில் அளவெடுத்துத் தைத்து வாங்கிய, ஒளியை முழுவதுமாகத் தடுக்கும் பிளாக்அவுட் திரைச்சீலையைப் பற்றியது இந்த மதிப்பீடு. வீட்டு அழகுக்காகத் திரைச்சீலை தேடுவோருக்கு இது அதிகம் உதவாது. நான் குறுந்தொலைவு விமானங்களில் துணை விமானியாகப் பணிபுரிகிறேன். இரவில் சென்னைக்கோ திருச்சிக்கோ புறப்பட்டு, அங்கே இறங்கிய சுமார் ஒரு மணி நேரத்தில் மீண்டும் கிளம்பி, விடியும் வேளையில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் தரையிறங்கும் பணி என் அட்டவணையில் அடிக்கடி வரும். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய காலை ஏழு மணிக்கே சூரியன் உதிப்பதால், நான் வீடு வந்து சேரும்போது கிழக்குப் பார்த்த எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் படுக்கையறை வெயிலில் நிறைந்திருக்கும். அந்த வெயிலைத் திரை தடுக்கிறதா என்பதைத் தவிர வேறு எதற்காகவும் நான் மதிப்பெண் கொடுக்கப் போவதில்லை.

துணியைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. டிம்அவுட், பிளாக்அவுட் என இரு வகைகளைக் கடையில் காட்டினார்கள். கடை வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கைப்பேசி விளக்கைத் துணிக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தால்தான் டிம்அவுட் மங்கலாக ஒளிர்வதும், பின்புறம் பூச்சுள்ள பிளாக்அவுட் துளி ஒளியையும் விடாததும் தெரியவரும். அடர்சாம்பல் நிறத்தில் இரண்டாவது வகையைத் தேர்ந்தெடுத்தேன்.

சிக்கல் ஓரங்களில்தான் வந்தது. முதலில் திரை தொங்கும் தண்டவாளத்தைச் சன்னலின் அகலத்துக்கே பொருத்திவிட்டுப் போனார்கள். அன்று காலை திரையின் இரு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்கு வெயில் கோடாக விழுந்தது; மேலே கூரையிலும் ஒரு வெளிச்சப் பட்டை படர்ந்தது. தொலைபேசியில் சொன்னதும் கடைக்காரரே நேரில் வந்து பார்த்தார். "தம்பி, பகல்ல தூங்குறவங்கன்னு முதல்லயே சொல்லியிருந்தா வேற மாதிரி அடிச்சிருப்போம்," என்றார். அளவெடுக்க வந்தவரிடம் அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தேன். இருந்தாலும் வாதாடவில்லை, ஏனென்றால் அவர் செய்து கொடுத்த திருத்தம் நேர்த்தியாக இருந்தது. தண்டவாளத்தை இரு பக்கமும் ஒரு சாண் நீட்டி, அதன் முனைகளைச் சுவரை நோக்கி வளைத்து, மேலே இடைவெளியை மறைக்கும் எல்-பாக்ஸ் என்ற பெட்டி மறைப்பு ஒன்றையும் அடித்துக் கொடுத்தார். எல்-பாக்சுக்கு மட்டுமே கூடுதல் பணம் வாங்கினார். இப்போது காலை பத்து மணிக்கும் அறையில் என் கையே எனக்குத் தெரிவதில்லை.

ஓரத்து வெளிச்சத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்கள், இரவுப் பணிக்குப் பிறகு வரும் உறக்கம் எப்படிப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அதிகாலை இரண்டிலிருந்து ஆறு மணி வரை உடலின் விழிப்புநிலை அடிமட்டத்தில் இருக்கும். நாம் தரையிறங்குவதும் பெரும்பாலும் அந்த வேளையிலோ அதை ஒட்டியோதான். அதன்பின் உடற்கடிகாரம் விழிப்பை நோக்கி ஏறத் தொடங்கிவிடுவதால், முழு இருட்டிலும் பகல் உறக்கம் இரவு உறக்கத்தைவிடக் குறுகியதாகவே அமைகிறது. கண்ணில் படும் காலை வெளிச்சம் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் ஹார்மோனின் சுரப்பையும் அடக்கிவிட்டால் மிஞ்சுவது அரைத்தூக்கமே.

பணிநேர விதிகள் ஓய்வை மணிக்கணக்கில் அளக்கின்றன. 2009இல் பஃபலோ அருகே 50 பேர் உயிரிழந்த விமான விபத்துக்குப் பின் திருத்தப்பட்ட அமெரிக்க விதிகள், 2014 முதல் பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வையும், அதற்குள் இடையூறின்றி 8 மணி நேரம் உறங்கும் வாய்ப்பையும் கட்டாயமாக்கின. இந்தியா வாராந்தர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவுத் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தது. அதற்கேற்ப விமானிகளைத் திட்டமிடாததால் 2025 டிசம்பரில் இண்டிகோ விமான நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான பயணங்கள் ரத்தாயின. இந்த வரம்புகள் தேவையே, அவற்றை எதிர்த்து எழுதும் விமானி எவரையும் நான் கண்டதில்லை. ஆனால் அந்த மணிகள் வீட்டில் எப்படிக் கழிகின்றன என்பது பணிநேர விதிகளின் கைக்கு எட்டாதது. 2024 சனவரியில் இந்தோனேசியாவின் கெண்டாரியிலிருந்து ஜகார்த்தாவுக்கு 153 பயணிகளுடன் பறந்த பத்திக் ஏர் விமானத்தில் விமானிகள் இருவரும் ஒரே நேரத்தில் 28 நிமிடம் உறங்கிவிட்டனர். துணை விமானியின் வீட்டில் ஒரு மாதக் குழந்தைகளாக இரட்டையர் இருந்தனர்.

எனக்கு இந்தத் திரை மிகுதியாகப் பயன்படுவது பணிக்குப் பின்னர் அல்ல, பணிக்கு முன்னர்தான். காலை ஏழு மணிக்கு எழுந்தவர் பிற்பகலில் கண்ணயராமல் இரவுப் பணிக்குப் போனால், மறுநாள் தரையிறங்கும்போது ஏறக்குறைய 24 மணி நேரம் விழித்திருந்தவராவார். மதிய உணவுக்குப் பின் இயல்பாக வரும் சோர்வை இந்த இருட்டு நல்ல உறக்கமாக்கித் தருகிறது. எழுந்ததும் திரையை முழுவதுமாக விலக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் மந்தம் நெடுநேரம் விலகாது.

ஒலியைத் தடுக்கும் என்று கடையில் ஒட்டியிருந்த விளம்பரத்தை நம்ப வேண்டாம். வீவக குடியிருப்புகளில் வாரநாள்களில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை சுவர் துளைக்க அனுமதி உண்டு. மேல்மாடியில் அந்த வேலை நடக்கும்போது காதடைப்பான்தான் துணை. அதேபோல, ஒரே வாரத்தில் அதிகாலைப் பணியிலிருந்து நள்ளிரவுப் பணிக்குத் தாவும் அட்டவணையை எந்தத் திரையும் சரிசெய்யாது. அதற்கு விமான நிறுவனத்துக்குக் களைப்பு அறிக்கை எழுதித்தான் ஆக வேண்டும்.

இரண்டு சன்னல்களுக்கு எல்-பாக்ஸ் உட்பட எழுநூறு சிங்கப்பூர் வெள்ளிக்குச் சற்றுக் கூடுதலாயிற்று. சொந்த வீட்டிலிருந்து இரவுப் பணிக்குப் போகும் விமானிகளுக்கும் தாதியருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாடகை அறையில் இருப்பவர்கள் ஆணி அடிக்க வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. திரையைச் சலவை இயந்திரத்தில் போட்டால் பின்பக்கப் பூச்சு வெடித்து ஒளி கசியும் என்று கடைக்காரர் எச்சரித்ததால், ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.