ஃபேஸ் ஷிஃப்டா, வீன் பிரிட்ஜா?

ஆம்ப்ளிஃபையர்களைச் சோதிக்க ஒரு சைன் அலை ஆஸிலேட்டர் (தானே அலையை உண்டாக்கும் சர்க்யூட்) தேவைப்பட்டது. ஃபேஸ் ஷிஃப்ட், வீன் பிரிட்ஜ் என்ற இரண்டு வகையையும் பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் செருகிப் பார்க்கும் பலகை) கட்டிப் பார்த்தேன். பெட்டிக்குள் போனது வீன் பிரிட்ஜ்தான்.

ஃபேஸ் ஷிஃப்டில் ஆப்-ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர் ஐசி) சிக்னலைத் தலைகீழாக்கி 180 டிகிரி திருப்பும். மூன்று ஆர்-சி (ரெசிஸ்டர்-கெபாசிட்டர்) படிகள் மீதி 180-ஐத் திருப்பும்; முழுச் சுற்று ஆனால்தான் அலை தானே தொடரும். (படிக்கு 60 என்பார்கள். ஒன்றை ஒன்று லோடு செய்வதால் சரியாக 60 வராது.) மூன்றையும் தாண்டுவதற்குள் சிக்னல் 29-இல் ஒரு பங்காகிவிடும், அதனால் கெயின் (பெருக்கும் மடங்கு) 29 வேண்டும். 10 கிலோ ஓமும் 10 நானோஃபாரடும் போட்டால் சுமார் 650 ஹெர்ட்ஸ். கெயினை மாற்றும் ஃபீட்பேக் ப்ரீசெட்டைத் (சின்ன மாறு ரெசிஸ்டர்) திருப்பத் திருப்ப ஸ்கோப்பில் (அலையைத் திரையில் காட்டும் கருவி) வெறும் கோடுதான். ஓர் இடத்தில் சட்டென்று அலை எழும்பியது. இன்னும் கொஞ்சம் போனதும் தலை தட்டையாகிவிட்டது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதிர்வெண்ணை மாற்றப் போனபோதுதான் வம்பு. மூன்று ரெசிஸ்டரும் ஒன்றாக மாற வேண்டும். ஒரே தண்டில் மூன்றும் சேர்ந்து திரும்பும் மூன்று கேங் பொட்டென்ஷியோமீட்டருக்கு எங்கே போவது? கிடைத்தாலும் கடைசி ரெசிஸ்டர்தான் ஆப்-ஆம்பின் உள்ளீட்டு ரெசிஸ்டர். அதைத் தொட்டால் கெயினும் கூடவே மாறும். மறுபடி ப்ரீசெட், மறுபடி ஸ்கோப்.

வீன் பிரிட்ஜில் மாற வேண்டியவை இரண்டே ரெசிஸ்டர்கள். ஸ்டீரியோ வால்யூமுக்குப் போடும் இரட்டை கேங் போதும், லீனியராக (திருப்பும் அளவுக்குச் சீராக மின்தடை மாறுவது) பார்த்து வாங்க வேண்டும். 10 கிலோ ஓம் கேங்கின் ஒவ்வொரு பாதியோடும் ஒரு 1 கிலோ ஓம் தொடராகச் சேர்த்து, 10 நானோஃபாரடில் ஒரே திருப்பில் சுமார் 1.4-இலிருந்து 16 கிலோஹெர்ட்ஸ் வரை போகிறேன். கெயின் 3 போதும், அது தனி ரெசிஸ்டர்களில் இருப்பதால் குமிழ் அதைத் தொடுவதில்லை.

ஆனால் கேங்கின் இரு பாதியும் அச்சாக ஒன்றுபோல இருக்காது. குமிழைத் திருப்பும்போது அலை குதிக்கும், சில இடத்தில் நின்றே போகும். இதற்காகத்தான் வில்லியம் ஹியூலெட் (ஹெச்பி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர்) 1939-இல் தன் ஆஸிலேட்டரில் ஒரு சின்ன பல்பைப் போட்டார்: அலை பெருத்தால் இழை சூடாகி, மின்தடை ஏறி, கெயின் இறங்கும். நான் பல்பு தேடாமல், ஃபீட்பேக்கில் 18 கிலோ ஓமுக்குத் தொடராக 3.3 கிலோ ஓம் போட்டு, அதன் குறுக்கே இரண்டு 1என்4148 டையோடுகளை எதிரெதிராக வைத்தேன். தரைக்கு (கிரவுண்டுக்கு) 10 கிலோ ஓம். குதிப்பு அடங்கியது. டையோடு அலையைக் கொஞ்சம் கோணலாக்கும். எவ்வளவு என்று அளக்கவில்லை, ஸ்கோப்பில் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஒரே சுருதி போதும் என்றால் ஃபேஸ் ஷிஃப்டே சுலபம். ஆப்-ஆம்புக்குப் பதில் ஒரு பிசி547 டிரான்ஸிஸ்டர் போதும். கழற்றாமல் விட்ட அந்த 650 ஹெர்ட்ஸ் பலகை இப்போது மோர்ஸ் பழகப் பயன்படுகிறது.