தாத்தாவின் யுத்தகாலப் படத்தை ஸ்டூடியோவில் கொடுக்கும் முன் இதை வாசியுங்கள்

"பழைய படத்தைப் புதுசாக்கித் தருவோம்" என்று சொல்லும் கடையில் மூலப்படத்தை விட்டுவிட்டு வராதீர்கள். மலையக டவுன் ஒன்றில் இருக்கும் ஸ்டூடியோவுக்கு எங்கள் தாத்தாவின் பட்டாளத்துப் படம் போனது. நாலு ஓரமும் வெட்டி, அட்டையில் ஒட்டி, மேலே லெமினேட் அடித்துத் தந்தார்கள். பின்பக்கம் பென்சிலில் இருந்த "பேராதனை 1944" அட்டையோடு ஒட்டிப் போய்விட்டது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைக்கு வந்தது 1944 ஏப்ரலில். தாத்தாவை அந்த இடத்தோடு சேர்த்துச் சொல்ல எங்களிடம் இருந்தது அந்த ஒரு வரிதான்.

கலர் போட்ட பிரதி அதைவிட மோசம். கம்ப்யூட்டர் முகத்தை வழவழப்பாக்கி, தொப்பியில் இருந்த படைச் சின்னத்தை வெறும் பொட்டாக்கிவிட்டது. எந்தப் படைப்பிரிவு என்று தேடப் போகிறவர்கள் முதலில் பார்ப்பதே அந்தச் சின்னத்தைத்தான்.

லெமினேட் அடித்ததைத் திருத்த வழியில்லை. அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவம் இருப்பது ஜெலட்டின் படலத்தில். சூட்டில் உருகிய பசை அதைப் பிடித்துக்கொள்ளும்; பிளாஸ்டிக்கை உரித்தால் முகமும் சேர்ந்து வரும். ஏற்கெனவே அடித்துவிட்டார்களா, உரிக்காதீர்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் படமெடுங்கள்.

ஸ்கேனிலும் ஏமாற்று உண்டு. இரண்டேகால் அங்குலத்துக்கு மூன்றேகால் அங்குலப் படத்தை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், எடுத்தால் 675க்கு 975 பிக்சல்தான் கிடைக்கும். 1200இல் எடுத்தால் 2700க்கு 3900, சின்னமும் பட்டனும் தெரியும். தரம் குறையாத டிஃப் (TIFF) ஃபைலாகப் பென்டிரைவில் கேளுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். பின்பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்கேன் முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

நம் ஊர் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த படத்தை ஈரத்துணியால் துடைப்பது பெரிய ஆபத்து. பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும். மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து நன்றாக உலர விடுங்கள். பிறகு மாஸ்க் போட்டு, வீட்டுக்கு வெளியே, மென்மையான தூரிகையால் தட்டுங்கள். படலம் உரிந்து நிற்கிற இடத்தில் தூரிகையும் வேண்டாம். கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிடுங்காமல் கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள்.

பெயர், ஊர், ஆண்டு தெரிந்த பெரியவர் இருந்தால் படத்தைக் கையில் கொடுத்துப் பேசவிட்டு, போனில் குரலைப் பதியுங்கள். ஆண்டு நினைவில்லை என்றால் "கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டதுக்கு முன்னமா, பின்னமா?" என்று கேளுங்கள், அது 1942 ஏப்ரல் 5.

கடையில் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், "மூலப்படம் 1, வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது, லெமினேட் கூடாது" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கெடுத்துவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடும்போது காட்ட அந்தப் பில் வேண்டும்.