புல்பப் ரைஃபிள் வாங்குமுன்: பேரலைக் கழற்ற முடியுமா என்று பாருங்கள்

புல்பப் வடிவத்தின் அடிப்படை ஏற்பாடு எளிது. டிரிகர் முன்னால், போல்ட்டும் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் பாகம்) மேகசினும் அதற்குப் பின்னால், கன்னத்துக்குக் கீழே. 16 அங்குலப் பேரல் கொண்ட சாதாரண ஏஆர்-15, தோளில் ஊன்றும் ஸ்டாக்கை முழுதாக உள்ளே தள்ளினாலும் 32 அங்குலத்தை ஒட்டி நிற்கும். அதே நீளப் பேரலோடு புல்பப் 26 முதல் 28 அங்குலத்தை ஒட்டி முடிந்துவிடும். சிங்கப்பூரில் தேசிய சேவை முடித்த நம்மவர்களுக்கு எஸ்ஏஆர் 21 வழியாக இந்த வடிவம் கைப்பழக்கமே. இந்தியச் சிறப்புப் படைகளின் கையில் டேவோர் இருக்கிறது. இருந்தாலும் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளும் கேள்வி எழுவது பெரும்பாலும் அமெரிக்காவில்தான். ஆகவே இந்த அலசல் அங்கே கடையில் கிடைக்கும் 5.56 மி.மீ. அரைத் தானியங்கி (ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா) வகைகளைப் பற்றியது: ஆஸ்திரிய ஸ்டெயர் ஏயூஜி ஏ3 எம்1, இஸ்ரேலின் டேவோர் எக்ஸ்95, குரோஷியாவில் தயாராகி ஸ்பிரிங்ஃபீல்டு பெயரில் விற்கும் ஹெலியன், ஃபுளோரிடாவின் கெல்டெக் ஆர்டிபி.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கில் என் தேர்வு ஏயூஜி. டிரிகர் சுகத்துக்காகவோ எடைக்காகவோ அல்ல. பேரல் கையோடு கழன்று வருகிறது என்பதற்காக.

எல்லோரும் பேசும் விஷயங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எக்ஸ்95 நான்கிலும் குட்டை, 26 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் கீழே போனாலோ பேரல் 16க்குக் கீழே போனாலோ கூட்டாட்சிச் சட்டப்படி தனிப் பதிவு தேவை. அந்த எல்லைக் கோட்டை ஒட்டியே அதை வடிவமைத்திருக்கிறார்கள். ஏயூஜியும் ஹெலியனும் 28 அங்குலத்தைத் தாண்டும். கலிபோர்னியாவில் 30 அங்குலத்துக்குக் குறைந்த அரைத் தானியங்கி சென்டர்ஃபயர் (தோட்டா அடியின் நடுவில் அடிபட்டு வெடிக்கும் வகை) ரைஃபிள் தடைப் பட்டியலில் வருவதால் இந்த அளவுகளில் எதுவும் அப்படியே செல்லாது. எடை எல்லாமே மூன்று கிலோவுக்கு மேல், ஆர்டிபி மட்டும் கொஞ்சம் லேசு. டிரிகர் விஷயத்தில் புல்பப் எதுவும் ஏஆருக்கு ஈடாகாது. விரல் இழுப்பது ஓரிடம், சுத்தியல் விழுவது ஓரடி பின்னால். நடுவில் நீண்ட தண்டு ஒன்று தள்ளிக்கொண்டு போக வேண்டும், அந்தத் தொய்வு விரலுக்குத் தெரியும். எக்ஸ்95 இதில் பழைய டேவோரைவிட வெகுவாகத் தேறிவிட்டது. கூடுதல் காசு போட்டால் வெளிக் கம்பெனிகளின் டிரிகர் பெட்டியும் இரண்டு பின்களைத் தள்ளி மாட்டிக்கொள்ளலாம். ஏயூஜியின் டிரிகர் கனமானது, கொஞ்சம் ரப்பர் மாதிரி இழுபடும். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

இனி மேசைக்கு வருவோம்.

ரைஃபிள் சுத்தம் செய்வதில் எல்லோரும் செய்யும் பகுதி ஒன்று, எல்லோரும் தள்ளிப்போடும் பகுதி ஒன்று. போல்ட்டை வெளியே எடுத்துத் துடைப்பதை யாரும் தவறவிடுவதில்லை. தள்ளிப்போவது தோட்டா அமரும் சேம்பரும், அதற்குப் பின்னால் போல்ட்டின் பற்கள் பூட்டிக்கொள்ளும் பள்ளங்களும். கரி கெட்டிப்படுவது அங்கேதான். சேம்பர் சுவரில் கரியும் அரக்கும் படிந்தால் சுட்ட உறை விரிந்து ஒட்டிக்கொள்ளும். உறையைப் பிடித்திழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் இழுக்கும்போது உறையின் விளிம்பு கிழிந்து, உறை உள்ளேயே தங்கிவிடும். சாதாரண ரைஃபிளில் இது எரிச்சல். சேம்பர் கன்னத்தின் கீழே ஆழத்தில் புதைந்திருக்கும் புல்பப்பில் இது பெரிய தலைவலி. எனவே எந்த ரைஃபிளில் சேம்பரைக் கண்ணால் பார்த்துத் துடைக்க முடிகிறதோ அதில்தான் அந்த வேலை ஒழுங்காக நடக்கும்.

ஏயூஜியில் அது இப்படி நடக்கிறது. மேகசினை எடுத்துவிட்டு, போல்ட்டை இழுக்கும் இடப்பக்கக் கைப்பிடியைப் பின்னால் இழுத்து மேலே உள்ள வெட்டில் மாட்டி வையுங்கள். சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். முன்பிடியைப் பற்றிக்கொண்டு, ரிசீவரில் (பேரலும் போல்ட்டும் பொருந்தும் உடற்பகுதி) உள்ள பேரல் பூட்டை அழுத்தியபடியே பேரலைச் சற்றுத் திருப்பி முன்னால் இழுத்தால் வந்துவிடும். பிறகு கைப்பிடியை வெட்டிலிருந்து விடுவித்து, கையை எடுக்காமல் மெல்ல முன்னால் விடவும். போல்ட் பின்னால் நிற்கும்வரை சுருள்வில் அமுங்கியே இருக்கும் என்பதால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். அடுத்து ஸ்டாக்கின் குறுக்குப் பூட்டைத் தள்ளி ரிசீவரை முன்பக்கமாக உருவினால், போல்ட்டைத் தாங்கும் போல்ட் கேரியர் பின்பக்கமாகச் சறுக்கி வெளியே வரும். கடைசியாகப் பின்தட்டைக் கழற்றிச் சுத்தியல் பெட்டியை எடுக்கலாம். பேரல், ரிசீவர், போல்ட், சுத்தியல் பெட்டி, ஸ்டாக், மேகசின் என்று ஆறு தொகுதிகள். ஸ்க்ரூடிரைவர் எதற்கும் தேவையில்லை.

இப்போது பேரல் தனியாக மேசையில் கிடக்கிறது. சேம்பர் பக்கம் உங்களைப் பார்த்தபடி, வெளிச்சத்தில். சேம்பர் பிரஷ்ஷில் நாலைந்து சொட்டு சால்வென்ட் விட்டு ஏழெட்டு சுற்று சுற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு, பழந்துணித் துண்டால் துடைத்தால் பளபளப்பு திரும்புவதைக் கண்ணால் பார்க்கலாம். ரிசீவரில் உள்ள பூட்டும் பள்ளங்களின் மூலைக்குக் காது குடையும் பஞ்சுக்குச்சி போதும். கம்பியைச் சேம்பர் பக்கத்திலிருந்தே விடுவதால் பேரல் வாயின் விளிம்பு தேயாது. குறி தவறாமல் இருக்க அந்த விளிம்பு முக்கியம்.

வாயுப் பகுதிக்கும் இதே வசதி. பேரலோடு ஒட்டிய சின்ன உருளையில், வெடிவாயுவின் அழுத்தத்தில் போல்ட்டைப் பின்னால் தள்ளும் குட்டைப் பிஸ்டன் இருக்கிறது. அதன் முனையில் உள்ள அடைப்பானைத் திருப்பிக் கழற்றிக் கரியைச் சுரண்ட வேண்டும். இதைச் சோம்பி விட்டால் அடைப்பான் கரியில் பிடித்துக்கொள்ளும், பிறகு இடுக்கி போட்டுத் திருக நேரும், உலோகத்தில் தழும்பு விழும். முந்நூறு தோட்டாவுக்கு ஒருமுறையாவது திருப்பிப் பார்ப்பது நல்லது. பிஸ்டனுக்கு எண்ணெய் வேண்டாம். எண்ணெய் கரியோடு சேர்ந்து பசையாகிவிடும். போல்ட் கேரியரில் இரண்டு வழிகாட்டித் தண்டுகள் உண்டு. வலதுதண்டு பிஸ்டனின் தள்ளலை வாங்குகிறது, இடதுதண்டு கைப்பிடியின் இழுப்பை வாங்குகிறது. அந்த இடதுதண்டே வாயு உருளைக்குள் விட்டுக் கரியைச் சுரண்டும் கருவியாகவும் பயன்படும். வெளியிடத்தில் கருவிப்பெட்டி இல்லாதபோது இது எவ்வளவு உதவி என்பது பயன்படுத்தினால்தான் புரியும். தண்டுகளின் மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, போல்ட் பற்களில் இரண்டு மூன்று சொட்டு, அவ்வளவே. சுத்தியல் பெட்டி பெரும்பாலும் பிளாஸ்டிக். அதைக் கடுமையான சால்வென்ட்டில் ஊறப்போடாதீர்கள், துடைத்தால் போதும்.

திரும்ப மாட்டும்போது நடக்கும் தவறுகள் இரண்டு. பேரலைச் செருகித் திருப்பும்போது 'கிளிக்' கேட்காமலே விட்டுவிடுவது ஒன்று. பூட்டை அழுத்தாமல் முன்பிடியைத் திருப்பிப் பாருங்கள், அசையக் கூடாது. அடைப்பானை இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிறுத்திவிடுவது மற்றொன்று. சாதாரண நிலைக்கு ஒரு குறி, அழுக்கும் குளிரும் இருக்கும்போது கூடுதல் வாயு விட ஒரு குறி. நடுவில் நின்றால் ரைஃபிள் இரண்டு தோட்டாவுக்கு ஒருமுறை திக்கும், காரணம் தெரியாமல் மேகசினைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். பேரலைக் கழற்றி மாட்டினால் குறி மாறுமா என்று பலர் கேட்பார்கள். குறிபார்க்கும் கண்ணாடி ரிசீவரில் இருப்பதால் கொஞ்சம் நகரலாம். பெரும்பாலும் சாதாரணத் தூரத்துக்குப் பொருட்டல்ல. ஆனாலும் ஐந்து தோட்டா சுட்டுச் சரிபார்க்காமல் வேட்டைக்குக் கிளம்ப வேண்டாம்.

உறை சிக்கிக்கொண்ட நேரத்திலும் இந்த வடிவம் கைகொடுக்கிறது. போல்ட் பின்னால் வந்துவிட்டு உறை மட்டும் உள்ளே நின்றால், பேரலைக் கழற்றி வாய்ப்பக்கத்திலிருந்து கம்பியால் ஒரு தட்டு. போல்ட் பூட்டிய நிலையிலேயே இறுகிவிட்டால் அந்த வசதி இல்லை, பேரல் கழலாது. அப்போது ஏயூஜியும் மற்றவற்றைப் போலத்தான்.

எக்ஸ்95-க்கு நியாயம் செய்ய வேண்டும். மேலோட்டச் சுத்தத்தில் அது ஏயூஜியை ஜெயிக்கும். பின்பக்கம் ஒரு பின்னைத் தள்ளினால் பின்தட்டு கதவு மாதிரி மடங்கும். போல்ட் கேரியரும் நீள் பிஸ்டனும் ஒரே துண்டாக உருவி வந்துவிடும். ஏகே பிஸ்டன் பார்த்தவர்களுக்கு உடனே புரியும் அமைப்பு. அழுக்கைத் தாங்குவதிலும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் சேம்பர் அந்தக் குகையின் கடைசியில் இருக்கிறது. நீண்ட கம்பியும் டார்ச்சும் வைத்துக்கொண்டு தடவித்தான் வேலை செய்ய வேண்டும், துடைத்தோமா இல்லையா என்பது கையின் ஊகம். பேரலை எடுக்கத் தனிக் கருவியும், மாட்டும்போது சரியான இறுக்கமும் தேவை, அது வாராவாரம் செய்யும் வேலை அல்ல. மேகசின் மாற்றுவதில் எக்ஸ்95 முந்துகிறது. விடுவிக்கும் பொத்தான் ஏஆர் போலவே டிரிகர் விரலுக்கு எட்டும். ஏயூஜியில் அது மேகசினுக்குப் பின்னால் இருக்கிறது. அக்குளுக்கு அருகில் கையைக் கொண்டுபோய்க் கட்டைவிரலால் தள்ள வேண்டும், பழகச் சில நாள் ஆகும்.

வீட்டில் இடது கைக்காரர் இருந்தால் கணக்கு மாறும். புல்பப்பில் உறை வெளியேறும் வாய் கன்னத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், வலப்பக்கம் உறை துப்பும் ரைஃபிளை இடத்தோளில் வைத்தால் சூடான பித்தளை முகத்தில் அடிக்கும். ஏயூஜியிலும் எக்ஸ்95-இலும் இடது போல்ட்டைத் தனியாக வாங்கி, மூடியைப் பக்கம் மாற்றிப் போட வேண்டும். போல்ட்டை மாற்றிவிட்டு மூடியை மறந்தால் உறை மூடிய சுவரில் மோதி உள்ளேயே நசுங்கும். புது போல்ட் போட்டதும் கோ, நோ-கோ கேஜ் (அளவுக் கட்டைகள்) வைத்து ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே தோட்டாவுக்கான இடைவெளி, பார்த்துவிடுங்கள். ஏயூஜியில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஏஆர் மேகசின் எடுக்கும் நேட்டோ ஸ்டாக் வலக்கைக்கு மட்டுமே. இடக்கைக்காரர் சாதாரண ஸ்டாக்கும் ஏயூஜியின் சொந்த மேகசினும் எடுத்தாக வேண்டும். அந்த மேகசின் விலை கூடுதல். ஆனால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் என்பதால் எத்தனை தோட்டா பாக்கி என்று பார்த்தவுடன் தெரியும், உழைப்பும் அதிகம்.

இடக்கைக்காரரும் வலக்கைக்காரரும் ஒரே ரைஃபிளில் மாறி மாறிச் சுடும் வீட்டுக்கு ஹெலியன் அல்லது ஆர்டிபி. ஹெலியனில் உறை போகும் பக்கத்தைத் தனிப் பாகம் வாங்காமலே மாற்றலாம். மேலே உள்ள கைப்பிடி இரு பக்கமும் மடங்கும், ஸ்டாக்கின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். குட்டையான பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது பெரிய உதவி, மற்ற மூன்றிலும் கிடைக்காது. அமெரிக்கச் சந்தைக்கு வந்தது 2022-இல்தான் என்பதால் பல்லாயிரம் தோட்டா கண்ட பழைய ஹெலியன்கள் சொந்தக்காரர்கள் கையில் இன்னும் அதிகமில்லை. நீண்ட உழைப்பைப் பற்றிய என் தீர்ப்பை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரியா ஏயூஜியை 1970-களின் இறுதியிலேயே ராணுவத்துக்கு எடுத்துவிட்டது, அந்த அனுபவம் எடைக்கல்லில் விழுகிறது.

ஆர்டிபி உறையைப் பக்கவாட்டில் துப்புவதே இல்லை. மேகசினுக்குப் பின்னால் கீழே போடுகிறது. எந்தத் தோளானாலும் கவலையில்லை, சத்தம் குறைக்கும் சப்ரெசர் மாட்டினால் முகத்தில் வரும் புகையும் குறைவு. விலையும் மட்டு. சிக்கல் வாயுத் திருகில். வாயு குறைந்தால் போல்ட் போதிய தூரம் பின்னால் போகாது, உறை கீழே விழாமல் வழியிலேயே நிற்கும். வாயு அதிகமானால் உதைப்பு கூடும், பாகங்கள் அடிபடும். வாயு மிகக் குறைந்த நிலையிலிருந்து ஒவ்வொரு படியாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் மேகசினில் ஒரே தோட்டா போட்டுச் சுட வேண்டும். போல்ட் பின்னால் நிற்கத் தொடங்கிய இடத்திலிருந்து இன்னும் ஓரிரு படி. தோட்டா பிராண்டு மாறினால் மறுபடி பார்க்க வேண்டும். பெஞ்சில் சுடும்போது மணல் மூட்டை கீழ்வாயை அடைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஏயூஜி பார்க்கப் போகிறவர்கள் நான்கு இடங்களைத் தொட்டுப் பாருங்கள். எந்த ஸ்டாக், சாதாரணமா நேட்டோவா. பேரல் பூட்டிய நிலையில் ஆடுகிறதா. வாயு அடைப்பான் கையால் திரும்புகிறதா, அதன் விளிம்பில் இடுக்கித் தழும்பு இருக்கிறதா. பேரலைக் கழற்றிச் சேம்பரை டார்ச்சில் பார்க்க விற்பவர் விடுகிறாரா. கடைசியதற்குத் தயங்கினால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேறு ரைஃபிள் தேடுங்கள். கழற்ற ஒரு நிமிடம்கூட ஆகாத பேரலைக் காட்ட மறுக்க நல்ல காரணம் எதுவும் இருக்க முடியாது.