இன்டர்ன்ஷிப் என்று 8,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள், அடுத்த பேட்ச்சில் நீங்கள் சேராதீர்கள்

இன்று காலை எங்கள் டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போஸ்டர் வந்தது. சி.என்.சி. (கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகம் வெட்டும் மெஷின்) இன்டர்ன்ஷிப், 15 நாள், தொழிற்சாலையிலேயே நேரடிப் பயிற்சி, சில இடங்களே காலி என்று போட்டு, கீழே ஒரு குரூப் போட்டோ. அதில் இரண்டாவது வரிசையில் சிரித்துக்கொண்டு நிற்பது நான். முதல் நாள் எடுத்த படம். அந்த இடத்தில் 8,500 ரூபாயை விட்டுவிட்டேன், அவர்கள் கொடுத்த சான்றிதழ் செல்லாது என்று போன வாரம்தான் கல்லூரியில் திருப்பிக் கொடுத்தார்கள். என் முகத்தை நம்பி இன்னொரு பையன் பணம் கட்டிவிடக் கூடாது. அதற்காகத்தான் அவசரமாக இதை எழுதுகிறேன்.

பெயரைச் சொல்லவில்லை. கோயம்புத்தூர் காந்திபுரம் பக்கம், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் ஒரு தனியார் பயிற்சி நிறுவனம், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நான் மெக்கானிக்கல், ஆறாவது செமஸ்டர் முடித்திருக்கிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன்படி ஆறாவது செமஸ்டர் விடுமுறையில் இரண்டு வாரம் இன்டர்ன்ஷிப் போக வேண்டும், ஏழாவது செமஸ்டரில் அதை மதிப்பிட்டு ஒரு கிரெடிட் போடுவார்கள். ஒரு கிரெடிட்தானே என்று தோன்றும், ஆனால் அது இல்லாமல் டிகிரி கைக்கு வராது. ஏப்ரலில் லீவு கிடைத்த நாளெல்லாம் இந்தக் கல்லூரி மாணவன்தான் என்று சொல்லும் போனஃபைடு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையிலும் கணபதியிலும் ஏறி இறங்கினேன். பாதி இடத்தில் வாட்ச்மேனையே தாண்ட முடியவில்லை. ஒரு பம்ப் கம்பெனியில் மட்டும் உட்கார வைத்துப் பேசினார்கள், ஜூலையில் வா தம்பி என்றார்கள், ஜூலையில் எங்களுக்குக் கல்லூரி திறந்துவிடும். அந்த நேரத்தில்தான் சீனியர் அண்ணன் ஒருவர் இந்தப் பயிற்சி நிறுவனத்தின் நம்பரைக் கொடுத்தார். ஆள் சேர்த்துவிட்டால் தலைக்கு 500 ரூபாய் அவருக்குப் போகும் என்பது ரொம்பப் பிறகுதான் தெரிந்தது.

நான் உடனே நம்பிவிடவில்லை. போனை எடுத்த ஆளிடம், அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். "அப்பாகிட்ட நானே பேசறேன், நம்பர் குடுங்க தம்பி" என்றார் அந்த ஆள். என் அப்பா திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி கட்டும் பட்டறையில் வெல்டர். அன்று சாயங்காலம் வேலை முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டோம். பணத்தைப் பற்றி அந்த ஆள் முதலில் பேசவே இல்லை. "ரிக் பட்டறைங்களாண்ணா? மாஸ்ட் வெல்டிங் நீங்களே பண்ணுவீங்களா?" என்று ஆரம்பித்து, பத்து நிமிஷம் வேலையைப் பற்றியே கேட்டார். "நம்ம பசங்க மெஷின்ல கை வெச்சாத்தானுங்கண்ணா படிப்பு ஏறும்" என்றார். அப்பா போனை வைத்துவிட்டு, தொழில் தெரிஞ்ச ஆளா இருக்காரு, கட்டீரு சாமி என்றார். இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. என்னை ஏமாற்றியதைவிட, அப்பாவின் வேலையைப் பற்றி மரியாதையாகக் கேட்டு அவரை ஏமாற்றினார்களே, அதுதான்.

பணம் கட்டும்போது ஜி.எஸ்.டி. பில் போட்டால் 10,030 ரூபாய், பில் வேண்டாம் என்றால் 8,500 என்றார்கள். 1,530 மிச்சம் என்று நினைத்து, அவர்கள் சொன்ன ஒரு தனிநபர் நம்பருக்கு ஜிபேயில் அனுப்பினேன். கையில் பில் இல்லாமல் போனது அப்படித்தான்.

முதல் நாள் டேக் மாட்டிவிட்டு போட்டோ எடுத்தார்கள். அப்புறம் நான்கு நாள் ஏசி ரூமில் வகுப்பு. மெஷினுக்குக் கொடுக்கும் கட்டளைகளில் ஜி01 என்றால் நேர்கோட்டில் வெட்டுவது, எம்03 என்றால் ஸ்பிண்டில் சுற்றுவது, எம்06 டூல் மாற்றுவது என்று போர்டில் எழுதிப் போட்டார்கள், எல்லாம் எங்கள் லேப் ரெக்கார்டிலேயே இருப்பது. லேப்டாப்பில் இலவச சிமுலேட்டர். ஆறாவது நாள் ஒரு வேனில் 32 பேரை ஏற்றி மற்ற கம்பெனிகளுக்குப் பாகங்கள் வெட்டித் தரும் ஒரு ஜாப் ஒர்க் ஷெட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே வி.எம்.சி. என்ற ஒரு வகை சி.என்.சி. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, கதவுக் கண்ணாடி முழுக்கக் கூலன்ட் தெறித்து உள்ளே என்ன வெட்டுகிறது என்றே தெரியவில்லை. நான் பக்கத்தில் போய், டூலின் அளவை மெஷினுக்குச் சொல்லும் ஆஃப்செட்டை எப்படிப் போடுவீங்க என்று கேட்டேன். "பேனல் மேல கை வெச்சிராதீங்க தம்பி, முதலாளி திட்டுவாரு. உங்களைச் சுத்திப் பாக்கத்தான் விடச் சொன்னாங்க" என்றார் ஆபரேட்டர். 40 நிமிஷம். அதுதான் 15 நாள் நேரடிப் பயிற்சி. ஏழாவது நாளிலிருந்து வீட்டிலிருந்தே புராஜெக்ட் செய்யுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

சான்றிதழ் மட்டும் பளபளவென்று வந்தது. 15 நாளும் வந்ததாகத் தேதி, மேலே சிறுதொழில்களுக்கான எம்.எஸ்.எம்.இ. முத்திரை, தரச் சான்றுக்கான ஐ.எஸ்.ஓ. முத்திரை. எங்கள் கல்லூரியின் இன்டர்ன்ஷிப் கோஆர்டினேட்டர் அதைக் கையில் வாங்கியதுமே, "இதே பேப்பரைப் போன வருஷமும் பதினோரு பேர் கொண்டு வந்தாங்கப்பா" என்றார். தினசரி டைரியில் தொழிற்சாலை ஆள் யாரும் கையெழுத்துப் போடவில்லை, வருகைப் பதிவு இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை. என் முன்னாலேயே அதிலிருந்த நம்பருக்கு மூன்று தடவை போன் செய்தார், யாரும் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து 8,500 ரூபாயைக் கேட்டு அலைகிறேன். முதலில் டீமுக்கு ஃபார்வர்டு பண்ணியிருக்கோம் என்றார்கள். பிறகு மேடம் லீவு. பிறகு, சான்றிதழ் கொடுத்தாச்சே, இனி ரீஃபண்ட் எதுக்கு என்றார்கள். அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன், அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றினார்கள், மறுநாள் என்னை வெளியே எடுத்துவிட்டார்கள். நேரில் போனேன். ரிசப்ஷனில் இருந்த அக்கா, "நானே சேர்ந்து இருபது நாள்தான் ஆகுது, என்கிட்ட கேட்டா என்ன பண்ணுவேன்" என்று கண் கலங்கிவிட்டார், அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அப்பாவிடம் அப்படிப் பேசிய ஆளோ உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். ஒன்றரை மணி நேரம் நின்றேன். அப்பா போன் செய்தாலும் எடுப்பதில்லை. 8,500 ரூபாய் அப்பாவுக்குப் பத்து நாள் சம்பளம்.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறேன், 5 லட்சம் வரை கொடுத்த பணத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது, 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நான் நாமக்கல்லிலேயே போடலாம்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை, இதையாவது பாருங்கள். எம்.எஸ்.எம்.இ. முத்திரையைப் பார்த்து மயங்காதீர்கள், அதற்கான உத்யம் என்ற பதிவை ஆதாரும் பான் எண்ணும் வைத்து சிறுதொழில் நடத்தும் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம், பயிற்சி கொடுக்க அரசு தரும் அங்கீகாரம் இல்லை அது. தனிநபர் நம்பருக்குப் பணம் அனுப்பாதீர்கள், பில் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். எந்தத் தொழிற்சாலை, டைரியில் யார் கையெழுத்துப் போடுவார் என்று எழுத்தில் கேளுங்கள், சொல்லத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். கட்டுவதற்கு முன் உங்கள் கோஆர்டினேட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், நான் கேட்காமல் போனேன். அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) இன்டர்ன்ஷிப் தளத்தில் இலவசமாகப் பதியலாம், அதையும் பாருங்கள்.

நாளையிலிருந்து அப்பா வேலை செய்யும் பட்டறைக்கே போகிறேன். ஜி.எஸ்.டி. எண் உள்ள லெட்டர்பேடில் கடிதம் கொடுத்து, டைரியில் தினமும் கையெழுத்துப் போட ஓனர் ஒத்துக்கொண்டார், கோஆர்டினேட்டரும் சரி என்றுவிட்டார். விடுமுறையில் மீதி இருப்பது 16 நாள். அந்தப் போஸ்டர் உங்கள் குரூப்பில் வந்தால் இந்தப் பதிவை அதன் கீழேயே போடுங்கள். 18ஆம் தேதி அடுத்த பேட்ச் தொடங்குகிறதாம்.